கடவுளை மையமாகக் கொள்ளாத சமய உணர்வு: எரிக் ஃப்ராமும் யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பும்

சமயம் என்றால் கடவுள் நம்பிக்கை என்றும், கடவுளை ஏற்காதவர் சமயத்துக்கு வெளியே நிற்பவர் என்றும் நம்மில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறோம். பௌத்தத்தையும் சமணத்தையும் அறிந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை சரியானதன்று என்பது தெரியும். படைத்துக் காக்கும் இறைவன் ஒருவனை மையத்தில் வைக்காமலேயே அவ்விரண்டும் சமயங்களாக நிலைத்திருக்கின்றன. ஆனால் ஒரே கடவுள் என்னும் கொள்கையை உயிர்நாடியாகக் கொண்ட யூத மரபிலிருந்தும் இத்தகைய நிலைப்பாடு ஒன்று பிறந்தது என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. 20ஆம் நூற்றாண்டில் அதை விரிவாக எடுத்துரைத்தவர் உளப்பகுப்பாய்வாளரும் சமூகச் சிந்தனையாளருமான எரிக் ஃப்ராம். தாம் கடவுள் நம்பிக்கை உடையவர் அல்லர் என்பதை அவர் மறைக்கவில்லை. அதே வேளையில் தம்மைச் சமய உணர்வு அற்றவராகவும் கருதவில்லை. தமது நிலையைக் கடவுள் சாராத மறைஞானம் என்றே அவர் குறிப்பிட்டார்.

அவர் சொல்லவந்ததைப் புரிந்துகொள்ள, சமயம் என்பதற்கு அவர் தந்த வரையறையிலிருந்து தொடங்குவது நல்லது. 1950இல் வெளிவந்த, உளப்பகுப்பாய்வையும் சமயத்தையும் பற்றிய சிறுநூலில், ஒரு மக்கள் கூட்டம் பகிர்ந்துகொள்ளும் எந்தச் சிந்தனை முறையும் செயல்முறையும் அதன் உறுப்பினருக்கு உலகத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு சட்டகத்தையும், தம்மை ஒப்படைப்பதற்கு உரிய ஒரு பொருளையும் தருமானால் அது சமயமே என்றார். இப்படிப் பார்த்தால் சமயம் இல்லாத மனிதர் எவரும் இல்லை. பணத்துக்கோ நாட்டுக்கோ தலைவருக்கோ வாழ்வை ஒப்படைத்தவரும் ஒரு சமயத்தைப் பின்பற்றுபவரே. எனவே ஒருவருக்குச் சமயம் உண்டா என்று கேட்பதைக் காட்டிலும், அவர் பின்பற்றும் சமயம் மனிதரின் வளர்ச்சிக்குத் துணை செய்கிறதா அல்லது அதை முடக்குகிறதா என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி என்பது அவருடைய முடிவு.

இந்தக் கேள்வியைக் கொண்டே அவர் சமயங்களை இரண்டு வகையாகப் பிரித்தார். முதல் வகை அதிகாரச் சமயம். அதில் மனிதருக்கு மேலே ஓர் ஆற்றல் இருக்கிறது. அதற்குக் கீழ்ப்படிவதே முதன்மையான அறம், கீழ்ப்படியாமையே முதன்மையான பாவம். தன்னிடம் உள்ள அன்பையும் அறிவையும் நீதியுணர்வையும் மனிதர் அந்த ஆற்றலின் மீது ஏற்றிவிட்டு, தம்மை வெறுமையானவராகக் கருதிக்கொண்டு, தம்முடையதாகவே இருந்தவற்றை அருளாகத் திரும்பக் கேட்டு நிற்கிறார். இதற்குக் கிறித்தவச் சீர்திருத்தவாதி கால்வினின் இறையியலை ஃப்ராம் எடுத்துக்காட்டினார். கடவுளின் பெயரே இல்லாத பாசிசத்தையும் இதே வகையில் சேர்த்தார். இரண்டாவது வகை மனிதநேயச் சமயம். அதில் மனிதர் தம் அறிவையும் அன்பு செய்யும் ஆற்றலையும் வளர்த்துக்கொள்வதும், எல்லா உயிர்களோடும் தமக்குள்ள ஒருமையை உணர்வதும் குறிக்கோள். ஆதிப் பௌத்தம், தாவோ நெறி, ஏசாயா, இயேசு, சாக்ரடீஸ், ஸ்பினோசா ஆகியோரின் போதனைகள் இதில் அடங்கும் என்றார். இந்தப் பட்டியலில் கடவுளை வணங்கியவர்களும் இருக்கிறார்கள், கடவுளைப் பற்றிப் பேசாதவர்களும் இருக்கிறார்கள். ஆத்திகம், நாத்திகம் என்ற கோட்டை அவர் வேண்டுமென்றே குறுக்காக வெட்டிச் செல்கிறார். அவருடைய சிந்தனையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இந்த மனிதநேயச் சமயத்தில் மனிதர் உள்ளே உணர்வது என்ன என்பதற்கு அவர் பின்னாளில் 'எக்ஸ் அனுபவம்' என்று பெயரிட்டார். கணிதத்தில் இன்னும் மதிப்புக் காணாத ஒன்றை எக்ஸ் என்பதுபோல, கடவுள் என்ற சொல்லால் சிலரும் வேறு சொற்களால் வேறு சிலரும் சுட்டிய ஓர் அனுபவத்தை எந்தப் பெயருக்கும் கட்டுப்படாமல் பேச அவருக்கு இச்சொல் உதவியது. வாழ்வை விடை தேட வேண்டிய ஒரு கேள்வியாக உணர்வது, விழுமியங்களுக்குள் உயர்ந்ததும் தாழ்ந்ததும் உண்டு என ஏற்று உயர்ந்ததை நோக்கித் தன்னை வளர்ப்பது, எந்த மனிதரையும் வேறொன்றுக்கான கருவியாக அன்றி அவரையே நோக்கமாகக் கொள்வது, தன்முனைப்பையும் பேராசையையும் அவற்றோடு சேர்ந்த அச்சங்களையும் கைவிட்டுத் தன்னை வெறுமையாக்கிக்கொள்வது, அதன் வழியாகத் தன் எல்லையைக் கடப்பது ஆகியவை அவ்வனுபவத்தின் கூறுகள். ஃப்ராமுக்குப் பௌத்தத்தின் மீதிருந்த ஈடுபாட்டை இங்கே காணலாம். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகிலுள்ள ஹானாவில் யூதக் குடும்பத்தில் 1901இல் பிறந்து, இலங்கைக்கு வந்து துறவு பூண்டு கண்டியில் வாழ்ந்த ஞானபோனிக தேரரின் தியான விளக்கங்களை அவர் பெரிதும் மதித்தார்.

ஆயினும் ஃப்ராமின் வேர் யூத மரபில்தான் இருக்கிறது. அவர் 1900 மார்ச் 23 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் வைதிக யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை திராட்சை மது வணிகர். இரு வழியிலும் முன்னோர்களில் ரபிகள் எனப்படும் யூதச் சமய ஆசான்கள் பலர். கொள்ளுத்தாத்தாவான வூர்ட்ஸ்பர்க் ரபி செலிக்மன் பேர் பாம்பெர்கர் ஒரு சிறு கடை வைத்திருந்தார் என்றும், ரபிகளின் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பொருள் வாங்க வந்தால் வேறு கடையே கிடைக்கவில்லையா என்று எரிச்சலோடு கேட்பார் என்றும் ஃப்ராம் விரும்பிச் சொல்வதுண்டு. ஏசாயா, ஆமோஸ், ஓசேயா ஆகிய இறைவாக்கினரின் நூல்களைச் சிறுவயதில் படித்தபோது, அவர்கள் விடுத்த எச்சரிக்கைகளைக் காட்டிலும் இறுதிக் காலத்தைப் பற்றி அவர்கள் அளித்த வாக்குறுதியே தம்மை உலுக்கியது என்று அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு 14 வயதானபோது முதல் உலகப்போர் மூண்டது. நாடுகள் வாள்களைக் கலப்பைகளாக அடிக்கும் காலத்தைப் பற்றிப் படித்திருந்த சிறுவனின் முன்னால், பெரியவர்கள் போரைக் கொண்டாடினார்கள். அறிவுள்ளவர்கள் என்று கருதப்பட்ட மக்கள் எப்படி இதைச் செய்கிறார்கள் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ரஷ்யாவிலிருந்து வந்திருந்த சல்மன் ரபின்கோவ் என்ற தல்மூத் அறிஞரிடம் அவர் சில ஆண்டுகள் ஏறத்தாழ நாள்தோறும் பாடம் கேட்டார். ரபின்கோவ் கண்டிப்பாகச் சமயநெறி தவறாதவர். அதே சமயம் சோசலிசத்தில் பற்றுக் கொண்டவர். யூதச் சட்டம் யூதச் சமூகத்தை எவ்வாறு ஒன்றாகக் கட்டிக்காத்தது என்பதைப் பற்றி 1922இல் ஃப்ராம் முனைவர் ஆய்வேட்டை முடித்தார். 1926ஆம் ஆண்டளவில் சமயச் சடங்குகளைப் பின்பற்றுவதை நிறுத்தினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் 1934இல் அமெரிக்கா சென்றார். சடங்குகளை விட்ட பிறகும் தல்மூதையும் எபிரேய வேதத்தையும் அவர் விடவில்லை. 1966இல், அறுபதைக் கடந்த வயதில், தம் சமயப் பார்வை முழுவதையும் அவ்வேதத்தின் விளக்கமாகவே ஒரு நூலில் எழுதினார்.

இனி, சிறுவயதில் ஃப்ராமை உலுக்கிய அந்த மேசியா எதிர்பார்ப்பு என்ன என்று பார்ப்போம். எண்ணெய் வார்த்துத் திருநிலைப்படுத்தப்பட்ட அரசனைக் குறித்த மேசியா என்னும் சொல், தாவீதின் வழியில் வரவிருக்கும் ஓர் அரசனையும், பின்னர் அவனால் வரும் மீட்பின் காலத்தையும் குறிக்கலாயிற்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவா என்ற ஊரின் மந்தை மேய்ப்பரான ஆமோஸ், ஏழைகளை விற்றுப் பிழைத்த செல்வர்களின் திருவிழாக்களைக் கடவுள் வெறுக்கிறார் என்றும், நீதி வெள்ளமாகப் பாயட்டும் என்றும் முழங்கினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏசாயாவும் மீகாவும், நாட்டுக்கு எதிராக நாடு வாள் எடுக்காத ஒரு காலத்தைப் பாடினார்கள். ஒவ்வொருவரும் தம் திராட்சைக் கொடியின் கீழும் அத்தி மரத்தின் கீழும் அச்சமின்றி அமர்வார்கள் என்றது மீகாவின் வாக்கு. இந்தக் காட்சி நிகழும் இடம் மண்ணுலகம். நிகழும் காலம் வரலாற்றுக்குள் வரும் காலம். தனி ஆன்மா இறந்தபின் அடையும் பேறாக அன்றி, மக்கள் எல்லோரும் சேர்ந்து அடையும் வாழ்வாக அது சொல்லப்பட்டது. உலகம் அழிந்து விண்ணிலிருந்து புதிய ஒன்று இறங்கும் என்ற பேரழிவுக் காட்சிகள் தானியேல் நூல் போன்றவற்றின் வழியாகப் பின்னர் வலுப்பெற்றன. இவ்விரண்டு போக்குகளும் யூத மரபில் எப்போதும் அருகருகே ஓடியிருக்கின்றன. ஃப்ராம் முழுமையாக முதல் போக்கின் பக்கம் நின்றார்.

12ஆம் நூற்றாண்டில் யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் இந்த முதல் போக்குக்குத் திட்டமான வடிவம் கொடுத்தார். மேசியாவின் காலத்தில் இயற்கையின் ஒழுங்கு மாறாது. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும் என்ற ஏசாயாவின் வரிகள் உவமையே. அன்னிய ஆட்சியிலிருந்து விடுதலை கிடைக்கும். பசியும் போரும் பொறாமையும் இருக்காது. மக்கள் இறைவனை அறிவதில் மட்டுமே ஈடுபடுவார்கள். அற்புதங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்று ஒரு பெரும் சமய ஆசான் சொல்லும்போது, மீட்பு என்பது மனிதர் வாழும் முறையில் வரும் மாற்றமாக ஆகிவிடுகிறது. அங்கிருந்து ஃப்ராமின் மனிதநேயத்துக்குத் தொலைவு அதிகமில்லை.

ஃப்ராம் இந்த எதிர்பார்ப்பை ஏதேன் தோட்டக் கதையோடு இணைத்துப் படித்தார். ஆதாமும் ஏவாளும் கனியை உண்டதை எபிரேய வேதம் அந்த இடத்தில் பாவம் என்ற சொல்லால் குறிப்பிடவில்லை என்பதை அவர் சுட்டினார். அவர் பார்வையில் அது மனித விடுதலையின் முதல் செயல். அதுவரை மனிதர் இயற்கையோடு ஒன்றியிருந்தனர். ஆனால் தம்மைத் தாமே அறியாதவர்களாக இருந்தனர். கட்டளையை மீறியதும் கண் திறந்தது. அதோடு இயற்கைக்கும் மனிதருக்கும் இடையிலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும் பிளவு விழுந்தது. திரும்பிச் செல்ல வழியில்லை, வாயிலில் சுடர்வாள் காவல் நிற்கிறது. எஞ்சியிருப்பது முன்னோக்கிய வழி ஒன்றே: அறிவையும் அன்பையும் முழுமையாக வளர்த்து, இயற்கையோடும் சக மனிதரோடும் புதிய இசைவு ஒன்றை வரலாற்றின் ஊடாக மனிதரே உருவாக்குவது. அந்தப் புதிய இசைவுதான் மேசியாவின் காலம். இறைவாக்கினர்கள் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்பவர்கள் அல்லர் என்றும், இந்த வழியில் சென்றால் இது விளையும், அந்த வழியில் சென்றால் அது விளையும் என்று மாற்றுவழிகளை மக்கள் முன்வைத்தவர்களே என்றும் அவர் வலியுறுத்தினார். தேர்ந்தெடுப்பதும் அதன் விளைவை ஏற்பதும் மக்களின் பொறுப்பு.

கடவுளின் இடம் இதில் என்ன ஆகிறது? கடவுளைப் பற்றிய கருத்தே எபிரேய வேதத்துக்குள்ளும் அதன் பின்னும் மாறிக்கொண்டே வந்தது என்பது ஃப்ராமின் விடை. தோட்டத்திலிருந்து துரத்துபவரும் வெள்ளத்தால் உலகை அழிப்பவரும் கட்டுப்பாடற்ற அரசர். நோவாவோடு உடன்படிக்கை செய்தபின் அவர் தாமே விதித்த நெறிக்குக் கட்டுப்பட்டவராகிறார். சோதோமை அழிக்க நினைக்கும்போது, உலகுக்கெல்லாம் நீதிபதியானவர் நீதி செய்யாதிருக்கலாமா என்று ஆபிரகாம் அவரிடமே வழக்காடி, ஐம்பது நல்லவர்களில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசுகிறார். மோசேயின் முன் அவர் எந்தப் பெயராலும் பிடிபடாதவராகத் தோன்றுகிறார். மைமோனிடிசிடம் வரும்போது, கடவுள் எத்தன்மையர் என்று சொல்லவே முடியாது, எத்தன்மையர் அல்லர் என்றே சொல்ல முடியும் என்ற நிலை எட்டப்படுகிறது. தல்மூதில் ஒரு கதை உண்டு. சட்டச் சிக்கல் ஒன்றில் ரபி எலியேசரின் பக்கம் வானத்திலிருந்தே குரல் ஒலிக்க, சட்டம் வானத்தில் இல்லை என்று ரபி யோசுவா எழுந்து மறுக்கிறார். பெரும்பான்மை அறிஞரின் முடிவே நிற்கிறது. கடவுள் சிரித்து, என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்கிறார். இந்தக் கதையை ஃப்ராம் மிக விரும்பியதில் வியப்பில்லை. கடவுளைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்றால், அடுத்த படி அவரைப் பற்றிய கோட்பாட்டையே விட்டுவிட்டு, அச்சொல் சுட்டிய வாழ்வைப் பற்றிக்கொள்வது என்பதே அவர் எடுத்த முடிவு.

இதை யூத சமயத்தின் வரலாறாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மைமோனிடிஸ் கடவுளை விட்டுவிடுவதற்காக மறுப்பு வழியில் பேசவில்லை. அவரைச் சிலையாக்காமல் காப்பதற்காகவே பேசினார். வைதிக யூதர் எவரும் ஃப்ராமின் கடைசிப் படியை ஏற்கமாட்டார். மரபில் ஓடும் பல இழைகளில் ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை இழுத்துச் சென்றார் என்று கொள்வதே நேர்மையானது. ஆனால் அந்த இழை மரபில் உண்மையாகவே இருக்கிறது. அதை அவர் வெளியிலிருந்து கொண்டுவந்து நுழைக்கவில்லை.

கடவுள் கோட்பாட்டை விட்டபின்னும் அவர் விடாமல் வைத்துக்கொண்டது சிலை வணக்க எதிர்ப்பு. சிலைக்கு வாயிருந்தும் பேசாது, கண்ணிருந்தும் காணாது, அதைச் செய்தவரும் அதைப் போலவே ஆவர் என்று 115ஆம் சங்கீதம் சொல்கிறது. தாம் படைத்த பொருளுக்குத் தம் உயிராற்றலைக் கொடுத்துவிட்டு அதன் முன் மண்டியிடுவதே சிலை வணக்கம் என்று ஃப்ராம் இதை விளக்கினார். மார்க்ஸ் அந்நியமாதல் என்று சொன்னதும் இதுவே என்றார். அரசு, உற்பத்தி, நுகர்வு, தொழில்நுட்பம் ஆகியவற்றை இன்றைய சிலைகளாகக் கண்டார். கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் தங்களுக்குள் வாதிடுவதை விட்டுவிட்டு, இந்தச் சிலைகளை எதிர்ப்பதில் ஒன்றுசேரலாம் என்பது அவருடைய அழைப்பு.

ஓய்வு நாளை அவர் எப்படிப் பார்த்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் தொலைவில் உள்ள எதிர்பார்ப்பு அன்றாட வாழ்வைத் தொடும் இடம் அதுவே. ரபிகள் ஓய்வு நாளில் தடுத்த 39 வகை வேலைகளில் தீ மூட்டுவதும், ஒரு பொருளைத் தெருவுக்கு எடுத்துச் செல்வதும் அடங்கும். உடல் களைப்பை வைத்து இத்தடைகளை விளக்க முடியாது. இயற்கையில் மனிதர் ஏற்படுத்தும் எந்த மாற்றமும், ஆக்கமானாலும் அழிவானாலும், வேலை என்றே கருதப்பட்டது என்றார் ஃப்ராம். வாரத்தில் ஒரு நாள் மனிதர் இயற்கையோடு போராடுவதை நிறுத்தி, அதன் மீது ஆட்சி செலுத்தாமல் இசைந்திருக்கிறார். அந்த ஒரு நாள் மேசியாவின் காலத்தில் வாழ்கிறார். இஸ்ரவேல் மக்கள் இரண்டு ஓய்வு நாள்களை மட்டும் முறையாகக் கைக்கொண்டால் உடனே மீட்புப் பெறுவர் என்று தல்மூதில் ஒரு வாக்கு இருக்கிறது. மீட்பை மனிதரின் கையில் வைக்கும் இந்த வாக்கு அவருடைய விளக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

மேசியா எதிர்பார்ப்பு ஆபத்தில்லாதது அன்று. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை ரபி அகிவா மேசியாவாக ஏற்றார். 135இல் அக்கிளர்ச்சி பெரும் உயிரிழப்போடு நசுக்கப்பட்டது. 1665இல் சபதாய் செவி மேசியா என்று அறிவிக்கப்பட்டபோது, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எண்ணற்ற யூதக் குடும்பங்கள் அவரை நம்பிப் புறப்படத் தயாராகின. அடுத்த ஆண்டே அவர் உஸ்மானிய சுல்தானின் முன் இஸ்லாத்தை ஏற்றார். இறுதி நாளைக் கணக்கிடுவோரை ரபிகள் சபித்ததற்குக் காரணம் இத்தகைய அடிகளே. ஃப்ராம் இதை நன்கு அறிந்திருந்தார். நம்பிக்கை இரண்டு வகையில் கெட்டுப்போகும் என்றார்: காலம் தானாகக் கொண்டுவரும் என்று கைகட்டிக் காத்திருப்பது ஒன்று, வர முடியாததைப் பலவந்தமாக இழுத்துவர முயல்வது மற்றொன்று. பிறவாததற்கு எந்த நேரமும் ஆயத்தமாக இருந்து, தம் வாழ்நாளில் அது பிறக்காவிட்டாலும் நொறுங்கிப் போகாதிருப்பதையே அவர் உண்மையான நம்பிக்கை என்றார். யூத மறைஞானத்தை ஆராய்ந்த அறிஞர் கெர்ஷோம் ஷோலம் 1959இல் எழுதிய கட்டுரையில், மேசியா எண்ணம் யூதர்களைத் தள்ளிப்போடப்பட்ட வாழ்வு வாழச் செய்தது என்றும், அதன் பேரழிவுக் கூறுகளைப் பகுத்தறிவாளர்கள் மறைத்துவிட்டார்கள் என்றும் குற்றம் சாட்டினார். இரண்டாவது குற்றச்சாட்டு ஃப்ராமுக்கும் ஓரளவு பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

இதைவிடக் கடினமான கேள்வி, வாக்குக் கொடுத்தவர் இல்லாமல் வாக்குறுதி எப்படி நிற்கும் என்பது. ஃப்ராம் பெரிதும் கடன்பட்ட மார்பர்க் தத்துவ அறிஞர் ஹெர்மன் கோஹன் இதை எதிர்கொண்டார். 1918இல் காலமான அவருடைய கடைசி நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. மேசியாவின் காலத்தை மனித இனம் முழுவதும் அறத்தில் ஒன்றாகும் எதிர்காலமாக விளக்கிய கோஹன், கடவுள் என்ற எண்ணத்தைக் கைவிடவில்லை. மனிதர் அறத்தை நோக்கிச் செய்யும் முயற்சி வீணாகாதவாறு உலகம் நிலைத்திருக்கும் என்பதற்குக் கடவுளே உறுதி என்று அவர் கருதினார். ஃப்ராம் அந்த உறுதியை எடுத்துவிட்டார். அவரிடம் எஞ்சியது உறுதியற்ற நம்பிக்கை. அது தோற்கக்கூடும், மனித இனம் தன்னையே அழித்துக்கொள்ளவும் கூடும். கோஹனின் வழி தர்க்கத்தில் வலுவானது. ஆனால் அணுகுண்டின் காலத்தில் வாழ்ந்த ஃப்ராமுக்கு, உலகம் நிலைத்திருக்கும் என்று எவரும் உறுதி கொடுத்திருப்பதாக எண்ணிக்கொள்ள இயலவில்லை.

எனவே அவர் அந்த நம்பிக்கையை அரசியலுக்குள் கொண்டுசென்றார். 1957இல் அமெரிக்காவில் அணு ஆயுதச் சோதனைக்கு எதிராகத் தோன்றிய சேன் இயக்கத்தின் தொடக்கத்தில் அவர் பங்கு கொண்டார். அதன் பெயரே 'தி சேன் சொசைட்டி' என்ற அவர் நூலின் தலைப்பிலிருந்து வந்தது. 1966இல் மாரடைப்பு வந்தபின்னும், 1968இல் வியட்நாம் போரை எதிர்த்து அதிபர் வேட்பாளராக முயன்ற யூஜின் மெக்கார்த்திக்காகப் பணியாற்றினார், பேசினார், எழுதினார். மெக்கார்த்தி தம் கட்சியின் வேட்பாளராகக்கூடத் தேர்வு பெறவில்லை. ஃப்ராம் 1974இல் சுவிட்சர்லாந்தில் குடியேறி, இரண்டு ஆண்டுகளில், உடைமையை மையமாகக் கொண்ட வாழ்வுக்கு மாற்றாக இருப்பை மையமாகக் கொண்ட வாழ்வையும், அதற்கேற்ற புதிய சமூகத்தையும் வலியுறுத்தும் தம் கடைசிப் பெரும் நூலை வெளியிட்டார். அதிலும் ஓய்வு நாளையும் இறைவாக்கினரையும் மேசியாவின் காலத்தையும் மீண்டும் எடுத்து விளக்கினார்.